நெடுநாள் நிறுத்தி வைத்த மோட்டார் வண்டி கிளம்பாவிடில்

கொரோனா தொற்றைத் தடுக்கும் பொருட்டு, 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி முதல் மே 31-ஆம் தேதி வரை நாடெங்கும் நான்கு கட்டங்களாக ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. இவை மொத்தம் 68 நாட்கள் ஆகும். பெங்களூரில் அல்சூர் ஏரியைச் சூழ்ந்த பகுதி, தமிழ் மக்கள் நெடுங்காலமாகக் குடியிருந்து வரும் இடம். சோமேசுவரர் கோயிலை ஒட்டிய பழைய தெருக்கள் குறுகியவை. வண்டிகளைக் கொட்டகையின்றித் திறந்த வெளியில் நிறுத்துவது அங்கு பலருக்கு வழக்கம். ஊரடங்கின்போது இத்தகைய வண்டிகள் வாரக்கணக்கில் அசையாது நின்றன. ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் பெய்யும் இடிமழையும், மரங்களினின்று உதிரும் சருகும், எலிகளின் நடமாட்டமும் அவற்றுக்குத் துணையாயின. கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் சாவியைத் திருப்பியபோது பல வண்டிகள் கிளம்பவில்லை.

இந்நிலை ஊரடங்குக்கு மட்டும் உரியதன்று. நீண்ட விடுமுறைக்குப் பின் பள்ளி வண்டிக்கும், ஓட்டுநர் பணியிடம் காலியாக இருந்தமையால் நின்றுவிட்ட சுகாதார நிலைய வண்டிக்கும், உரிமையாளர் வெளியூர் சென்றிருந்த காருக்கும் இதுவே நேரும். தடுப்பு மருந்தையோ, நோயாளியையோ, விதை மூட்டையையோ ஏற்றிச் செல்ல வேண்டிய வேளையில் வண்டி கிளம்பாவிடில் இழப்பு பெரிது. அவ்வேளையில் பதற்றத்தால் முதலில் கண்ணில் பட்ட பாகத்தை மாற்றுவோர் பலர். புதிய பாட்டரி வாங்கிப் பொருத்திய பின்னும் வண்டி அசையாதிருக்க, குற்றம் ஓர் அழுக்கேறிய இணைப்பில் இருந்ததாகப் பின்னர் தெரிய வருவதுண்டு. பழுதைக் கண்டறிவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதையும், அவ்வொழுங்கின்படி சென்றால் பெரும்பாலான குறைகளை ஒரு வோல்ட்மானியும் இரண்டு ஸ்பானர்களும் கொண்டே இனம் காணலாம் என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இஞ்சின் இயங்க வேண்டுவன

பெட்ரோல் இஞ்சின் இயங்குவதற்கு நான்கு தேவைகள் உண்டு. முதலாவது, வெளியிலிருந்து ஒரு விசை அதனைச் சுழற்றித் தொடக்கிவிட வேண்டும். இரண்டாவது, காற்றும் எரிபொருளும் தக்க அளவில் கலந்து சிலிண்டருக்குள் செல்ல வேண்டும். மூன்றாவது, அக்கலவை பிஸ்டனால் நன்கு அழுத்தப்பட வேண்டும். நான்காவது, உரிய கணத்தில் மின்பொறி தோன்ற வேண்டும். டீசல் இஞ்சினுக்கு மின்பொறி தேவையில்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஏனைய மூன்றும் அதற்கும் பொருந்தும்.

பழைய ஜீப், அம்பாசிடர் வண்டிகளில் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையாற் சுழற்றும் வசதி இருந்தது. 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டது முதல் சுழற்றும் வேலை படிப்படியாக மின்மோட்டாருக்கு மாறியது. அம்மோட்டாருக்கு ஆற்றல் அளிப்பது 1859-ல் பிரெஞ்சு அறிவியலார் கஸ்டோன் பிளாந்தே அமைத்த ஈய-அமிலச் சேமக்கலத்தின் வழிவந்த பாட்டரியே. இன்றைய வண்டிகளில் எரிபொருள் பம்பு, எரிபொருளைப் பீச்சும் குழல், மின்பொறி, அவற்றை ஆளும் கணிப்பான் ஆகிய அனைத்தும் இதே பாட்டரியை நம்பியுள்ளன. ஆகையால் நெடுநாள் நின்ற வண்டியில் முதலில் ஐயுறத்தக்கது பாட்டரியும் அதன் இணைப்புகளுமே ஆகும்.

நின்ற வண்டியில் மின்சாரம் எங்கே செல்கிறது?

சாவியை எடுத்தபின்னும் வண்டி முழுதும் உறங்குவதில்லை. கடிகாரம், திருட்டைத் தடுக்கும் காவலமைப்பு, கதவுப் பூட்டின் வானொலி ஏற்பி, கணிப்பானின் நினைவகம் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை இடைவிடாது உட்கொள்கின்றன. குறையற்ற வண்டியிலும் இது 20 மில்லி ஆம்பியர் இருக்கலாம். 50 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டால் எங்கோ மின்கசிவு உண்டென ஐயுறலாம்.

இதனை ஆசிரியர்கள் வகுப்பில் கணக்காகவே தரலாம். 20 மில்லி ஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர். நாளொன்றுக்கு 24 மணி நேரம் எனக் கொண்டால் செலவு 0.48 ஆம்பியர்-மணி. 68 நாட்களில் அது 32.64 ஆம்பியர்-மணி ஆகிறது. சிறு கார்களில் வழக்கமாக உள்ள பாட்டரியின் கொள்ளளவோ 35 ஆம்பியர்-மணிதான். வேறெந்தப் பழுதும் இல்லாத வண்டியின் பாட்டரியும் ஊரடங்கின் முடிவில் ஏறக்குறைய வெறுமையாகியிருக்கும் என்பது இதனால் விளங்கும். 36-ஆம் நாளையொட்டியே பாதி மின்னூட்டம் தீர்ந்துவிடும். அந்நிலையில், சற்றுப் பழகிய பாட்டரி இஞ்சினைச் சுழற்றத் தடுமாறும்.

பாட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி வைத்திருந்தால் இச்செலவு இல்லை. பாட்டரி தனக்குள்ளே இழக்கும் மின்னூட்டம் மட்டும் எஞ்சும். மாதத்திற்கு 5 சதவீதம் என மதிப்பிட்டால் 68 நாட்களில் அது ஏறத்தாழ 4 ஆம்பியர்-மணியே. ஒரு ஸ்பானரைக் கொண்டு ஒரு நிமிடத்தில் செய்யும் வேலை, சுமார் 33 ஆம்பியர்-மணி மின்னூட்டத்தைக் காக்கிறது.

உட்கசிவின் வேகம் உஷ்ணநிலையைப் பொறுத்தது. ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் அது ஏறக்குறைய இருமடங்காகும். பெங்களூரில் நிழலில் நிற்கும் வண்டியைக் காட்டிலும், கோடையில் வேலூரிலோ திருச்சிராப்பள்ளியிலோ வெயிலில் நிற்கும் வண்டியின் பாட்டரி விரைவில் தளர்வதற்கு இதுவே காரணம்.

மின்னூட்டம் இழந்த பாட்டரியை அப்படியே விட்டுவைத்தால் மேலும் ஒரு தீங்கு நேரும். மின்னிறக்கத்தின்போது தகடுகளில் ஈய சல்பேட்டு நுண்படிகங்களாகப் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது மீண்டும் ஈயமாகவும் ஈய டை-ஆக்சைடாகவும் மாறிவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ நுண்படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி இறுகிவிடும். அவை மின்னேற்றத்திற்கு இணங்குவதில்லை. நின்ற வண்டியின் பாட்டரி சில வேளை மீள்வதும் சில வேளை மீளாததும் இதனாலேயே.

சாவியைத் தொடுமுன்

நெடுநாள் நின்ற வண்டியின் அருகே சென்றதும் சாவியைத் திருப்புவது தவறு. முதலில் கண்ணாலும் மூக்காலும் சோதித்தல் வேண்டும்.

1. வண்டியின் அடியில் எண்ணெய், நீர், எரிபொருள் ஒழுகிய அடையாளம் உண்டா எனக் காண்க. பெட்ரோல் வாடை வீசினால் எந்த மின்விசையையும் தொடலாகாது; பாட்டரி இணைப்பையும் அப்பொழுது கழற்றலாகாது, அதிலும் பொறி எழலாம். வண்டியைச் சற்றுத் தள்ளிக் காற்றோட்டமான இடத்தில் வைத்து வாடை நீங்கச் செய்து, கசிவை நிறுத்தியபின்னரே மேற்செல்க.

2. முன்மூடியைத் திறந்து எலிக்கூடு, கடிபட்ட கம்பி, உதிர்ந்த இலை ஆகியவற்றைத் தேடுக. காற்று வடிகட்டியின் பெட்டிக்குள் எலி கூடு கட்டுவது சாதாரணம். எலிச் சிறுநீரால் லெப்டோஸ்பைரா நோய் பரவக்கூடுமாதலால் கையுறை அணிந்தே இதனைச் செய்க. பூனை படுத்திருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

3. இஞ்சின் எண்ணெயின் மட்டத்தையும் குளிர்விக்கும் நீரின் மட்டத்தையும் பார்க்க.

4. பாட்டரி முனைகளில் வெண்மையாகவோ பசுமையாகவோ பொடி பூத்துள்ளதா எனக் கவனிக்க.

பின்னர் ஓய்வு நிலையில், எவ்விளக்கும் எரியாதபோது, பாட்டரியின் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்க. 12 வோல்ட் பாட்டரிக்குத் தோராயமான மதிப்புகள் வருமாறு:

12.6 வோல்ட்டும் அதற்கு மேலும்: நிறைந்த மின்னூட்டம்
12.4 வோல்ட்: முக்கால் பங்கு
12.2 வோல்ட்: அரைப் பங்கு
12.0 வோல்ட்: கால் பங்கு
11.8 வோல்ட்டும் அதற்குக் கீழும்: ஏறக்குறைய வெறுமை

நீர் ஊற்றும் மூடியுள்ள பாட்டரியானால் திரவமானி கொண்டு அமிலத்தின் ஒப்படர்த்தியையும் காணலாம். நிறைந்த நிலையில் அது 1.26-க்கு மேலிருக்கும்; வெறுமையானால் 1.12 அளவுக்கு இறங்கும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்து நின்றால் அவ்வறை கெட்டது எனலாம்.

வண்டி தரும் விடை

இதன்பின் கியரை நடுநிலையில் வைத்துக் கைப்பிரேக்கை இட்டுச் சாவியைத் திருப்புக. விளைவு நான்கில் ஒன்றாக இருக்கும்: முழு அமைதி, 'டிக்' என்ற ஒலி அல்லது தளர்ந்த சுழற்சி, நன்கு சுழன்றும் பற்றாமை, பற்றி உடனே நின்றுபோதல். இந்நான்கும் நான்கு வேறு இடங்களைச் சுட்டுகின்றன. எதைக் கண்டோம் என்பதை உறுதி செய்துகொள்ளாமல் எந்தப் பாகத்திலும் கை வைத்தலாகாது.

முதல் நிலை: முழு அமைதி

உட்கூரை விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்க. விளக்கு எரியவே இல்லையெனில் பாட்டரி முற்றும் வெறுமையாகியிருக்கும், அல்லது முனை இணைப்போ தலைமை ஃபியூசோ அறுந்திருக்கும். எரிந்த விளக்கு சாவியைத் திருப்பியதும் மங்கினால், மின்சாரம் செல்ல முற்பட்டும் போதவில்லை என்று பொருள். இது இரண்டாம் நிலையைச் சேர்ந்தது. விளக்கு சிறிதும் மங்காமல் எரிந்தால் ஸ்டார்ட்டரை நோக்கி மின்சாரம் புறப்படவே இல்லை. அப்பொழுது சாவி விசை, ரிலே, ஸ்டார்ட்டரின் சோலினாய்டு, அதற்குச் செல்லும் மெல்லிய கம்பி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். தானியங்கிக் கியர் வண்டிகளில் நெம்புகோல் நிறுத்த நிலையிலோ நடுநிலையிலோ இல்லாவிடினும், சில வண்டிகளில் கிளச்சுப் பெடலை மிதிக்காவிடினும் ஸ்டார்ட்டர் இயங்காது. இவ்வெளிய காரணங்களை முதலில் நீக்கிவிடுக.

இரண்டாம் நிலை: 'டிக்' ஒலியும் தளர்ந்த சுழற்சியும்

நின்ற வண்டிகளில் மிகுதியாகக் காண்பது இதுவே. விளக்கு எரிகிறது, ஹார்ன் ஒலிக்கிறது, ஆகவே பாட்டரி நன்றாயுள்ளது என்று முடிவு கட்டுவது இங்கு நேரும் பெரும் பிழை. முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் கொள்ளும். ஸ்டார்ட்டரோ 100 முதல் 200 ஆம்பியர் வரை கேட்கும்.

பாட்டரி முனைக்கும் கவ்விக்கும் இடையே படிந்த பொடியால் 0.05 ஓம் தடை உண்டாயிற்று எனக் கொள்வோம். விளக்குகளுக்கான 10 ஆம்பியர் அத்தடையின் வழியே செல்லும்போது இழப்பது 0.5 வோல்ட், கண்ணுக்கு மாற்றம் எளிதில் புலப்படாது. 150 ஆம்பியர் அவ்வழியே செல்ல வேண்டுமானால் 7.5 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். எஞ்சிய சுமார் 5 வோல்ட்டில் ஸ்டார்ட்டர் இஞ்சினைச் சுழற்ற இயலாது. ஓம் விதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் பொருத்தமான நடைமுறை எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆகவே பாட்டரியையும் இணைப்பையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் வோல்ட்மானியின் முனைகளைப் பாட்டரியின் ஈய முனைகள் மீதே வைத்துப் பார்க்கட்டும். மின்னழுத்தம் சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழ் விழுந்தால் பாட்டரி வலுவிழந்தது. அது 11 வோல்ட்டுக்குக் குறையாதிருந்தும் ஸ்டார்ட்டர் சுழலாவிடில் பாட்டரி குற்றமற்றது. பின்னர், ஒரு முனையை ஈய முனை மீதும் மற்றதை அதனைப் பற்றிய கவ்வி மீதும் வைத்து அதே சோதனையைச் செய்க. அரை வோல்ட்டுக்கு மேற்காட்டினால் குறை அவ்விணைப்பிலேயே உள்ளது. எதிர்முனைக் கம்பி இஞ்சினோடு இணையும் இடத்திலும் இவ்வாறே பார்க்கலாம்.

பொடி பூத்த இணைப்பைத் துலக்க, முதலில் எதிர்முனையையும் பின்னர் நேர்முனையையும் கழற்றுக. சமையற் சோடா கரைத்த நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் பளிச்சிடத் தேய்த்து, உலர்த்தி இறுக்குக. சோடா நீர் பாட்டரியின் அறைக்குள் இறங்கலாகாது. பூட்டும்போது நேர்முனை முதலிலும் எதிர்முனை இறுதியிலும் அமைய வேண்டும்.

பாட்டரி நிறைந்தும் இணைப்பு தூயதாயிருந்தும் சுழற்சி இல்லையெனில், இஞ்சினே இறுகியிருக்கலாம். கியர் நடுநிலையில் இருக்க, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, முன்புறக் கப்பியின் ஆணியில் ஸ்பானரைப் பொருத்திக் கையாற் சுழற்றிப் பார்க்க. அசையாவிடில் வற்புறுத்தாமல் பட்டறையில் ஒப்படைத்தல் நன்று.

மின்னேற்றமும் பிற வண்டியின் உதவியும்

வெறுமையான பாட்டரியை வண்டியினின்று பிரித்துக் கொள்ளளவில் பத்திலொரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 35 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 3.5 ஆம்பியரில், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்னேற்றுவதே சிறந்த முறை. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றில் அது 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் சிறு பொறியும் வெடிப்பை விளைவிக்கும். ஆதலால் காற்றோட்டமான இடம் வேண்டும். அருகில் பீடி, விளக்கு, அடுப்பு ஆகாது. கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிக.

அவசர வேளையில் பிற வண்டியின் பாட்டரியைத் துணைக் கொள்ளலாம். இரு பாட்டரிகளும் 12 வோல்ட் ஆயிருத்தல் வேண்டும். வரிசை வருமாறு:

1. சிவப்புக் கம்பியின் ஒரு முனை, வெறுமையான பாட்டரியின் நேர்முனையில்.
2. அதன் மறுமுனை, நல்ல பாட்டரியின் நேர்முனையில்.
3. கறுப்புக் கம்பியின் ஒரு முனை, நல்ல பாட்டரியின் எதிர்முனையில்.
4. அதன் மறுமுனை, நின்ற வண்டியின் இஞ்சினில் பாட்டரிக்குத் தொலைவான வண்ணம் பூசாத உலோகப் பகுதியில்.

கடைசி இணைப்பில் பொறி எழுவது இயல்பு. அப்பொறி பாட்டரியின் வாயுவுக்கு அருகே எழாதிருக்கவே நான்காவது விதி. பிரிக்கும்போது இவ்வரிசையைத் தலைகீழாகக் கொள்க. பாட்டரியின் உறை உப்பியோ பிளந்தோ இருந்தால் இம்முறையை மேற்கொள்ளவே கூடாது.

தள்ளிக் கிளப்பும் பழைய வழக்கம் இன்றைய வண்டிகளுக்கு ஏற்றதன்று. பாட்டரி முற்றும் வெறுமையானால் எரிபொருள் பம்பும் கணிப்பானும் இயங்கா. எரியாத பெட்ரோல் புகைக்குழலில் உள்ள வினையூக்கிப் பெட்டியைச் சென்றடைந்து அதனைக் கெடுக்கவும் கூடும். தானியங்கிக் கியர் வண்டிகளைப் பொதுவாக இவ்வாறு கிளப்பவே இயலாது.

மூன்றாம் நிலை: சுழன்றும் பற்றாமை

இஞ்சின் விறுவிறுப்பாகச் சுழன்றும் பற்றவில்லையெனில், பாட்டரியின் மீதுள்ள ஐயத்தை விடுத்து எரிபொருளையும் மின்பொறியையும் நாட வேண்டும். ஒரு முறைக்கு 10 வினாடிக்கு மேல் சுழற்றாமல், இடையே ஓரிரு நிமிடம் ஸ்டார்ட்டரைக் குளிர விடுக.

முதலில், திருட்டைத் தடுக்கும் அமைப்பின் சாவி வடிவ விளக்கு தொடர்ந்து மின்னுகிறதா எனக் காண்க. மின்னினால் கணிப்பான் சாவியை ஏற்கவில்லை. மாற்றுச் சாவியைக் கொண்டு முயல்க.

அடுத்து, சாவியை ஸ்டார்ட்டர் நிலைக்கு முந்திய நிலையில் வைத்துக் காது கொடுத்துக் கேட்க. பெட்ரோலைப் பீச்சும் அமைப்புள்ள பல வண்டிகளில் தொட்டிக்குள் உள்ள பம்பு ஏறத்தாழ இரண்டு வினாடி முரலும். அவ்வொலி இல்லையெனில் பம்பின் ஃபியூசு, ரிலே, கம்பி ஆகியவற்றைப் பார்க்க. நெடுநாள் நின்ற பம்பு பிசினால் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

மின்பொறியைச் சோதிக்கத் தனிச் சோதனைக் கருவி கிடைக்கிறது. பிளக்குக் கம்பியைக் கையிற் பிடித்து உலோகத்தருகே காட்டும் பழைய முறை இன்றைய வண்டிகளில் கணிப்பானையும் கெடுக்கும், சோதிப்பவரையும் தாக்கும். தொடுமுனை கொண்ட பழைய வண்டிகளிலோ, டிஸ்டிரிபியூட்டருக்குள் உள்ள தொடுமுனைகள் ஈரத்தால் மாசு படிந்திருப்பது பொதுவான குறை. மெல்லிய உப்புத்தாளால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பலமுறை முயன்றபின் பிளக்குகள் பெட்ரோலால் நனைந்துவிடும். முடுக்கியை முழுதும் மிதித்துக்கொண்டு சில வினாடி சுழற்றினால் பல வண்டிகளில் கூடுதல் பெட்ரோல் வெளியேறிவிடும். பின்னும் பற்றாவிடில் பிளக்குகளைக் கழற்றி உலர்த்துக.

பழைய பெட்ரோல்

பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. குளிர்ந்த இஞ்சினில் எளிதில் ஆவியாகிப் பற்றுபவை அதன் இலேசான பகுதிகள். காலம் செல்லச் செல்ல முதலில் நீங்குபவையும் அவையே. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாக மாறும். கார்ப்பரேட்டர் உள்ள வண்டிகளில் அதன் சிறு கிண்ணத்திலுள்ள பெட்ரோல் விரைவில் வற்றி, ஊசித்துளை போன்ற ஜெட்டுகளை இப்பிசின் அடைத்துவிடும். மூடிய அமைப்புள்ள புதிய வண்டிகளில் இம்மாற்றம் மெதுவாக நிகழும்.

எத்தனால் கலப்பு இங்கு தனியே கவனிக்கத்தக்கது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி பெங்களூரில் நடந்த இந்திய ஆற்றல் வார மாநாட்டில், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை தொடங்கி வைக்கப்பட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. சிறிதளவு நீரை அது தன்னுள் கரைத்து வைத்துக்கொள்வது நன்மையே. நீர் எல்லை மீறினால் எத்தனாலும் நீரும் ஒன்றுகூடிப் பெட்ரோலினின்று பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவது அடியிலிருந்தேயாதலால் இஞ்சினுக்குச் செல்வது அந்நீர்க்கலவையே ஆகும். மூடியின் ரப்பர் வளையம் கெட்டு, மழையில் நின்ற வண்டிகளில் இதனை ஐயுறுக. தொட்டியிலிருந்து சிறிதளவு எடுத்துக் கண்ணாடிச் சீசாவில் அரைமணி நேரம் வைத்தால் இரண்டு அடுக்குகள் தெளிவாகப் பிரிந்து நிற்கும். சீசாவை இறுக மூடி, தீயினின்று விலக்கி வைக்க.

கெட்ட பெட்ரோலை வடித்தெடுக்கும்போது சாக்கடையில் விடுவது தீது. அல்சூர்ப் பகுதியின் வடிகால்களிற் செல்வது இறுதியில் ஏரியைச் சேரும். அவ்வேரியில் 2016 மார்ச்சில் மீன்கள் பெருவாரியாகச் செத்து மிதந்ததை அப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். பழைய எரிபொருளை மூடிய தகரத்தில் பட்டறையாரிடம் ஒப்படைப்பதே முறை.

டீசல் வண்டியில் பெரும்பாலும் தொல்லை தருவன வடிகட்டியில் தேங்கிய நீரும், குழாயிற் புகுந்த காற்றும் ஆகும். நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடு உண்டாவதும் உண்டு. வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி நீரை வடித்து, கைப்பம்பு உள்ள வண்டிகளில் அதனை அழுத்திக் குமிழிகள் நிற்கும்வரை காற்றை வெளியேற்றுக.

நான்காம் நிலை: பற்றி உடனே நிற்றல்

இஞ்சின் ஓரிரு வினாடி ஓடி நின்றால் அடிப்படைத் தேவைகள் யாவும் ஒரு கணமேனும் கிடைத்தன என்பது உறுதி. ஆகவே தொடர்ந்து கிடைக்காதது எது எனத் தேடுக. ஒவ்வொரு முறையும் ஒரே கால அளவில் நின்றால் திருட்டுத்தடுப்பு அமைப்பை ஐயுறுக. மெல்ல மூச்சடைத்து நின்றால் எரிபொருள் வடிகட்டியோ, எலிக்கூட்டால் காற்று வழியோ அடைபட்டிருக்கும். முடுக்கியை மிதித்திருக்கும்வரை ஓடி, விட்டதும் நின்றால், மெதுவோட்டத்திற்குரிய ஜெட்டு அல்லது காற்று வால்வு அழுக்கேறியிருக்கலாம்.

கிளம்பிய பின்

இஞ்சின் இயங்கியதும் வேலை முடிந்ததெனக் கருதலாகாது. மூடிய கொட்டகையில் இஞ்சினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. இஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் மின்னேற்றம் பொதுவாகச் சரியாக நடைபெறுகிறது எனலாம். பத்து நிமிடம் நின்றபடி ஓடவிடுவதால் வெறுமையான பாட்டரி நிறைவதில்லை.

பிரேக்கைச் சோதிக்காமல் தெருவில் இறங்கலாகாது. மழையில் நின்ற வண்டியின் தட்டுகளில் துரு படியும். கைப்பிரேக்கு இட்டே வைத்திருந்தால் பின்சக்கரப் பட்டைகள் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நடைவேகத்தில் நகர்த்தி, இருமுறை பிரேக்கிட்டு வண்டி நேராக நிற்கிறதா எனக் காண்க. டயர்களில் உரிய காற்றழுத்தம் உண்டா என்பதையும் பார்க்க.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மேற்கூறியவற்றில் ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்தத்தக்கது ஒன்று உண்டு. பாட்டரியையும் பிளக்கையும் ஒருங்கே மாற்றியபின் வண்டி கிளம்பினால், எது குற்றமுடையது என்பது தெரியாமலேயே போகும்; அடுத்த முறையும் இரண்டையும் வாங்க நேரும். ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கண்டு, குறித்துக்கொண்டு, அதன்பின் அடுத்ததற்குச் செல்வதே அறிவியல் முறை. ஊரடங்கின் முதற்கட்டத்தில் பட்டறைகளும் உதிரிப் பாகக் கடைகளும் மூடியிருந்தன. புதிய பாகம் வாங்கிப் பார்க்கும் வழியே அப்பொழுது இல்லை. அளந்து அறியத் தெரிந்தவர்க்கே வண்டி பயன்பட்டது.

வகுப்பறையில் இதனை எளிதாகச் செய்து காட்டலாம். நன்கு தேய்ந்த டார்ச் செல்கள் இரண்டைத் தொடராக இணைத்து வோல்ட்மானியால் அளந்தால் ஏறக்குறைய முழு மின்னழுத்தமே காட்டும். ஒரு டார்ச் பல்பை இணைத்தவுடன் முள் கீழே விழும். பாட்டரியை ஓய்விலும் வேலையிலும் இருமுறை அளக்க வேண்டுவது ஏன் என்பது மாணவர்க்கு இதனால் விளங்கும்.

மீண்டும் நிறுத்தி வைக்க நேர்ந்தால்

ஒரு மாதத்திற்கு மேல் வண்டி நிற்கும் எனத் தெரிந்தால், தொட்டியில் எரிபொருளை நிரப்பி மூடியை இறுக மூடுக. காற்றிடம் குறைவதால் ஈரம் படிவதும் குறையும். டயர்களில் காற்றை நிறைக்க. சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கைத் தளர்த்தி, முதற்கியரில் விட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க. பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைக்க. கணிப்பான் உள்ள புதிய வண்டிகளில் கையேட்டைப் பார்த்த பின்னரே இதனைச் செய்க. கழற்ற இயலாவிடில் இரு வாரங்களுக்கு ஒரு முறை அரைமணி நேரமேனும் சாலையில் ஓட்டுக. தனித்து நிற்கும் பாட்டரியையும் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை மின்னேற்றுக.

நிறுத்தும் நாளன்று தேதி, பாட்டரியின் மின்னழுத்தம், எரிபொருளின் அளவு, கழற்றிய இணைப்பு ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங் சக்கரத்திற் கட்டித் தொங்கவிடுக. மாதங்கள் கழித்து அவ்வண்டியைத் திறப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம்; அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவ்வட்டை அவருக்குக் கூறும்.